வேனில் இன்பம்: ஓய்மானாட்டை முன்னிட்டு ஒரு சிற்றாராய்ச்சி

தோற்றுவாய்

கோடை விடுமுறை அணுகுந்தோறும், "இவ்விடுமுறையை எங்குக் கழிப்பது?" என்னும் வினா மாணாக்கர் நாவில் தவறாது எழுகின்றது. பொருள் படைத்தோர் உதகையையும் கோடைக்கானலையும் நாடுவர். கோடைக்கானலில் 1845-ஆம் ஆண்டில் முதன்முதல் இல்லம் அமைத்துத் தங்கியோர் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த ஊழியரே என்பது நம்மனோர் அறிந்ததொன்று. வெம்மையாலும் காய்ச்சலாலும் நலிந்த அவர்கட்கு அம்மலை மருந்தாயிற்றேயன்றி ஆடம்பரமாயிற்றில்லை. எனினும், மலைமேற் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. சமவெளியிற் பிறந்து, சமவெளியில் உழைத்து, கோடையையும் அங்கேயே கழிப்போர் நம்முட் பலர். அவர்கட்கு வேனில் துன்பக் காலமேதானோ? அன்றெனின், அவர் நுகரும் இன்பங்கள் யாவை? அவ்வின்பங்களின் உண்மை இயல்பு யாது? இவற்றிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆராய்ச்சி ஓரிடத்தைப் பற்றி நில்லாவிடின் வெறும் பொதுப்பேச்சாக முடியும். ஆதலின், விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் பக்கத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மண்டகப்பட்டு என்னும் சிற்றூரை நடுவாகக் கொண்டு, வடமேற்கே செஞ்சிமலையும், வடகிழக்கே திண்டிவனமும், கிழக்கே மரக்காணத்துக் கடற்கரையும் எல்லையாக நிற்கும் நிலப்பரப்பை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இதன் பெரும்பகுதி பண்டு ஓய்மானாடு எனப் பெயர் பெற்றிருந்தது. இந்நாட்டிற் கடலும் மலையும் வயலும் வறண்ட காடும் ஒரு நாட் பயணத்துள் அடங்குகின்றன. தமிழ் பயில்வார்க்கு இதனினும் வாய்ப்பான பாடநூல் வேறில்லை.

வேனிலும் பாலையும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த தமிழர், சித்திரை வைகாசி இரண்டினையும் இளவேனில் என்றும், ஆனி ஆடி இரண்டினையும் முதுவேனில் என்றும் வழங்கினர். தொல்காப்பியர் பாலைத்திணைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிய பொழுதாக வகுத்தார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. எனவே, வெயிலும் வழிநடையும் பிரிவும் ஒன்றோடொன்று பிணைந்தே நம் இலக்கியத்தில் நிற்கின்றன. இளவேனிலோ மாவும் வேம்பும் பூத்துக் குயில் கூவும் பருவம். ஆகவே, ஒரே வேனில் ஒருவர்க்கு இன்பமாகவும் மற்றொருவர்க்குத் துன்பமாகவும் தோன்றும் என்னும் உண்மையைப் பழந்தமிழர் நன்குணர்ந்திருந்தனர்.

ஓய்மானாட்டின் வேனிலைக் காட்டும் பழைய நூல் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையாகும். நல்லூர் நத்தத்தனார் இயற்றிய இப்பாட்டு 269 அடிகளையுடையது. இந்நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடிவரும் மற்றொரு பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்துவது இதன் பொருள். பாட்டு வேனிற் கடுவழியிலேயே தொடங்குகின்றது. நடந்து களைத்த பாணர் சுற்றம் மராமரத்தின் புள்ளி நிழலில் இளைப்பாறுகின்றது. அந்நிழலும், அங்கு நிகழும் பேச்சும், இனிச் சென்று அடையப்போகும் ஊர்களைப் பற்றிய நம்பிக்கையுமே அவர்தம் முதற்பெரும் இன்பம். 1889-ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டைப் பதிப்பித்து வழங்கியிராவிடின், நம் அயலூர்களின் இப்பழஞ்செய்தி நமக்குக் கிட்டியிராது.

அப்பாட்டிற் கூறப்பெறும் எயிற்பட்டினம் இக்கால மரக்காணம் என்றும், கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ள கிடங்கல் என்றும் அறிஞர் கருதுவர். வேலூர் என்பதனை உப்புவேலூர் எனக் கொள்வாரும் உளர். திண்டிவனம் என்னும் பெயரோ திந்திரிவனம் என்பதன் திரிபென்பர். திந்திரி என்பது புளியமரம். புளியங்காட்டிற்கும் உப்பளத்திற்கும் இடையே கிடந்த நாட்டில் உணவைப் பற்றிய பாட்டொன்று எழுந்தமை வியப்பன்று.

அட்டில்

இனி உணவினை ஆராய்வோம். வழி நெடுகப் பாணர்க்குக் கிடைக்கும் விருந்தினை நத்தத்தனார் நிலந்தோறும் வேறுபடுத்திக் காட்டுகின்றார். எயிற்பட்டினத்துப் பரதவர் தேறலும் சுட்ட உலர்மீனும் ஈவர். வேலூரில் எயிற்றியர் இனிய புளிச்சோற்றை ஆமான் சூட்டிறைச்சியோடு தருவர். ஆமூர் உழவர் வெண்சோற்றை நண்டின் கலவையோடு அளிப்பர். இவற்றுள் ஒன்றேனும் தொலைவிலிருந்து தருவித்த பொருளன்று. அவரவர் நிலத்தில் விளைந்ததை அவரவர் அடுப்பில் ஆக்கிக் கொடுத்ததேயாகும். எளிய சமையலின் முதல் இலக்கணம் இதுவே.

இக்காலத்தும் இப்பகுதி ஊர்களின் வேனில் உணவு அவ்விலக்கணத்தினின்று பெரிதும் வழுவவில்லை. கேழ்வரகுக் கூழ் அதற்குத் தலையாய சான்று. கேழ்வரகு மாவை முதல்நாளே நீரிற் கரைத்துப் புளிக்கவிடுவர். பின்னர் நொய்யரிசியை வேகவைத்து, புளித்த மாவை அதிற் சொரிந்து, கட்டி விழாமல் துடுப்பாற் கிளறி இறக்குவர். இரவெல்லாம் ஆறிய அக்கூழை மறுநாட் காலையில் மோரும் உப்பும் இட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமோ மோர்மிளகாயோ மாங்காய்க் கீற்றோ துணையாக உண்பர். கருவாட்டுக் குழம்பு உள்ள இல்லத்தில் அதன் சுவை இருமடங்காகும். அடுப்பெரியும் வேலை மாலையிலேயே முடிந்துவிடுதலின், வெயிலேறும் பொழுதில் அடுப்பண்டை நிற்க வேண்டுவதில்லை. இந்நுட்பத்தை ஆக்கியவர் எந்நூலும் எழுதாத நம் பாட்டிமார். பழைய சோறும் நீராகாரமும் இம்முறையினவே.

தீயே வேண்டாத உணவுகளும் பல. வெல்லத்தைக் கரைத்து, எலுமிச்சஞ்சாறோ புளியோ கூட்டி, சுக்கும் ஏலமும் பொடித்திட்டால் பானகமாம். தயிரைக் கடைந்து நீர் பெருக்கி, உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் இட்டால் நீர்மோராம். மண்பானைத் தண்ணீரிற் சிறிது வெட்டிவேரை இட்டுவைத்தால் அதுவே நறுமணப் பானமாம். மண்பானையின் நுண்டுளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகுங்கால் பானையின் வெம்மையையும் கவர்ந்து செல்லுதலின் உள்நீர் குளிர்கின்றது என்பது இயற்கைநூல் கூறும் காரணம்.

வெயிலையே அடுப்பாகக் கொண்ட சமையலும் உண்டு. பச்சரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி மாடியிற் பரப்பிய துணியில் வார்த்து வடகம் இடுதல், மிளகாயை மோரில் ஊறவைத்து உலர்த்துதல், மாங்காயை உப்பிட்டுக் காயவைத்தல் முதலியன கோடைக்கே உரிய தொழில்கள். காக்கையை ஓட்டக் காவலிருக்கும் சிறுவர்க்கு, பாதி காய்ந்த வடகத்தைக் களவாகத் தின்னும் இன்பம் கூலியாக அமைகின்றது. சித்திரையிற் புளி உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, ஆண்டு முழுமைக்கும் சேமிப்பதும் இப்பருவத்திலேயாம். பலர் கூடி அமர்ந்து புளி தட்டும் திண்ணையிற் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

இவ்வுணவுகளில் உப்பு தவறாது இடம்பெறுவதன் காரணம் ஆராயத்தக்கது. வியர்வையோடு நீர் மட்டுமன்றி உப்பும் உடலினின்று வெளியேறுகின்றது. வெறுநீர் அக்குறையை முழுதும் நிரப்பாது. 1971-ஆம் ஆண்டு வங்கநாட்டு அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகலனபிஸ் என்பார் உப்பும் சர்க்கரையும் அளவறிந்து கலந்த நீரை வாய்வழி ஊட்டி எண்ணிறந்த உயிர்களைக் காத்தார். உப்பிட்ட மோரும் வெல்லப் பானகமும் அம்மருந்தாகா. எனினும், நீரோடு உப்பும் இனிப்பும் சேர்தலின் நலத்தை நம் அட்டில்கள் பழக்கத்தால் அறிந்திருந்தன என்பதில் ஐயமில்லை.

அங்காடி

உணவுக்கு அடுத்தது அங்காடி. செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை ஆட்டு வணிகத்திற் பெயர் பெற்றது. பெருநாள்கள் அணுகுங்கால் வெளியூர் வணிகரும் வந்து குழுமுவர். வாங்க வேண்டிய பொருள் ஒன்றேயாயினும், காண வேண்டிய பொருள் நூறு என்பது சந்தையின் இயல்பு. கடைவீதியில் விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும்; சந்தையிலோ விலை பேச்சினின்று பிறக்கின்றது. "என்னம்மா, கூறு எவ்வளவு?" என்று வினவுவதும், "நீயே பார்த்துக் கொடு, தம்பி" என்று அம்மூதாட்டி மறுமொழி பகர்வதும் வெறும் வாணிகமன்று, அஃது ஓர் உறவாடல்.

கோடைச் சந்தையில் முதலிடம் பெறுவன வெள்ளரிப் பிஞ்சும் தர்ப்பூசணியும் நுங்குமாம். திண்டிவனம், மரக்காணம் பக்கங்களில் விளையும் தர்ப்பூசணி சாலையோரங்களிற் குன்றெனக் குவிந்து கிடத்தலை வழிச்செல்வோர் காணலாம். மல்லாட்டை என்று இவ்வட்டார மக்கள் வழங்கும் வேர்க்கடலையும் இந்நிலத்தின் தனிச்செல்வம். மணிலாக்கொட்டை என்பது திரிந்து மல்லாட்டையாயிற்று. தென்னமெரிக்காவிற் பிறந்த அப்பயிர் பிலிப்பைன் தீவுகளின் தலைநகராகிய மணிலாவின் பெயரைச் சுமந்து நம்மூரை அடைந்தது. திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்த வேர்க்கடலை வகைகள் டி.எம்.வி. என்னும் எழுத்துக்களால் அவ்வூர்ப் பெயரையே தாங்கி வழங்குகின்றன. கூழுக்குத் துணையாகும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தினின்று போர்த்துக்கேசியர் வழியாக வந்ததே. தர்ப்பூசணியின் தாயகம் ஆப்பிரிக்கா. எனவே, நத்தத்தனார் காலத்துப் பாணன் இச்சந்தையைக் காண்பானாயின், உப்பையும் புளியையும் நுங்கையும் போன்ற சிலவற்றையே உடனே அடையாளங் கண்டுகொள்வான். 'நம்முடையது' என்று நாம் பெருமை பேசும் பொருள்களுட் பல ஒருகாலத்தில் விருந்தாக வந்தவை என்பதனைச் சந்தை நமக்குக் கற்பிக்கின்றது.

பனையைக் குறித்துச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆண் பெண் என இருவகைப்படும் அம்மரத்திற் பெண்பனையே நுங்கு தருவது. பதநீரோ இருவகையினின்றும் இறக்கப்படும். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவின், ஊறுவது புளியாமற் பதநீராக நிற்கும், தடவாவிடின் கள்ளாகும். ஒருவிரற் சுண்ணாம்பே நன்மைக்கும் தீமைக்கும் இடைநின்று காக்கின்றது! இதன்பொருட்டு ஏறுவோர் காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறியிறங்க வேண்டும். இடையிற் கட்டிய கயிறும், காலிற் பூட்டிய தளைநாரும், கைப்பிடியும் அன்றி அவர்க்குப் பிறிதொரு காப்பில்லை. மரம் வெட்டப்படுதலும், ஏறுவார் தொகை குறைதலும் நேர்ந்தமையால், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் அரசினர் அறிவித்தனர். மரத்தைச் சட்டம் காக்கலாம். ஏறுவோரைக் காப்பது யார்? நுங்கு வாங்குங்கால் ஐந்து ரூபாய்க்கு வழக்காடும் நாம், அம்மரத்தின் உயரத்தை ஒருமுறை அண்ணாந்து நோக்குவோமாயின், வழக்கு அங்கேயே அடங்கிவிடும்.

செலவு

'செலவு' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் பயணம் என்பதே பொருள். இக்காலத்து அச்சொல் பொருளழிவையே குறிக்கின்றது. பொருட்செலவு மிகாத வழிச்செலவே வேனிற்கு ஏற்றது என்று இரு பொருளையும் இணைத்துக் கூறலாம். ஞாயிறு அல்லாத விடுமுறை நாள் ஒன்றில் வைகறையிற் புறப்பட்டு, வெயிலேறுமுன் கண்டு, நண்பகலில் நிழலிற் றங்கி, மாலையில் மீளுமாறு அமையும் இடங்கள் இப்பகுதியிற் பல உள.

அவற்றுள் முதலாவது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் இங்குப் பாறையைக் குடைந்து இலக்ஷிதாயதனம் என்னும் கோயிலை அமைத்தான். முகப்பின் இருபுறமும் வாயில் காப்போர் இருவர் மாடங்களில் நிற்கின்றனர். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள் குடையப்பட்டுள்ளன. கிரந்த எழுத்திற் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகியோர்க்கு விசித்திரசித்தன் இக்கோயிலைச் செய்வித்தான் என்னும் கருத்தினைத் தெரிவிக்கின்றது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர். மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றியவனும் அவனே. பாறை மெல்லவே சூடேறுதலின், நண்பகலிலும் உட்குடைவு தண்ணெனவே இருக்கும். புறத்தே கத்திரி வெயில் எரிக்க, ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையுடைய நிழலில் அமர்ந்திருத்தல் எப்பொருள் கொடுத்தும் பெறவொண்ணாத இன்பமாம்.

அயலிலுள்ள தளவானூரில் அம்மன்னனே குடைவித்த சத்துருமல்லேசுவரம் உள்ளது. பனைமலையில் இராசசிம்ம பல்லவன் எடுத்த கற்றளியில், உமையின் ஓவியம் ஒன்று பெரும்பகுதி அழிந்தும் எழில் குன்றாது விளங்குகின்றது. குடைவரையினின்று கற்றளிக்குப் பல்லவர் சிற்பம் வளர்ந்த வரலாற்றை இம்மூன்றிடங்களும் ஒரே நாளிற் கற்பிக்கும்.

செஞ்சியோ இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளைச் சுற்றிய பெருங்கோட்டை. 1677-இல் மராட்டிய மன்னர் சிவாஜியும், 1698-இல் மொகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலரும் இதனைக் கைக்கொண்டனர். இடையில் 1714-இற் போரில் மடிந்த தேசிங்கு இராசனின் கதையே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. வென்றோர் பெயரை ஏடு காக்க, தோற்றோன் பெயரை நாட்டுப்பாடல் காத்தமை சிந்திக்கற்பாலது. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியர் படைத்துறை நிலத்தோற்றங்கள் என்னும் தொகுதியில் அடங்கிய 12 கோட்டைகளுள் ஒன்றாக இஃது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இராசகிரியில் ஏற விரும்புவோர் ஞாயிறு எழும்போதே அடிவாரத்தில் நிற்றல் நலம்.

செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை அங்குள்ள பழைய தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கின்றது. கிழக்கே சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள திருவக்கரையில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்து கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. அவற்றின்முன் பல்லவரும் மராட்டியரும் நேற்றைய மாந்தராகவே தோன்றுவர்.

திண்டிவனத்தை அடைவோர், நம் போன்ற கல்லூரியார்க்கு உரிய நினைவொன்றைப் போற்றாது திரும்புதல் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆர்க்காட்டு மிஷன் ஊழியராகிய தந்தையின் இல்லத்தில் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண், இந்திய நாட்டில் நிலைத்து வாழ விருப்பமற்றிருந்தார். ஓரிரவில் வெவ்வேறு குடும்பத்தைச் சார்ந்த ஆடவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டி, மகப்பேற்றில் இடருறும் தம் மனைவியைக் காக்க வேண்டினர். ஆண் மருத்துவர் காண அவர்தம் வழக்கம் இடந்தரவில்லை. மருத்துவம் பயிலாத ஐடாவோ செய்வதறியாது நின்றார். பொழுது விடியுமுன் மூவரும் மாண்டனர். அவ்விரவே அவரை மருத்துவராக்கியது. 1900-இல் அவர் வேலூரிற் சிறிதாகத் தொடங்கிய மருத்துவப் பணி உலகறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அவ்வூரைக் கடக்குங்கால் ஒருகணம் நின்று நினைத்தற்குரிய செய்தி இது.

செல்லும் இடங்களிலெல்லாம் ஓர் இழிவழக்கினைக் காண்கின்றோம். பழம்பாறையிலும் கோட்டைச் சுவரிலும் ஆணிகொண்டு தம் பெயரையும் தம் கல்லூரிப் பெயரையும் கீறிச் செல்வோர் உளர். மகேந்திரவர்மன் தன் விருதுப்பெயரைப் பாறையிற் பொறித்தற்குமுன் அப்பாறையில் ஒரு கோயிலைச் செய்தான். ஒன்றும் செய்யாதார் பெயர் பொறிப்பதில் என்ன பயன்? பாறையைப் படிக்க வந்தோர் பாறையில் எழுதாதிருத்தலே கல்விக்கு அழகு.

உப்பின்மை

மரக்காணத்து உப்பளங்களைக் காணாமல் ஓய்மானாட்டு வேனில் நிறைவுறாது. தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றோடு ஒருங்கெண்ணப்படும் உப்பு விளையுமிடம் இது. பாத்திகளில் உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் நீர் வற்றவற்ற, அடியிற் படியும் உப்பைப் பலகையால் வாரிக் குவிப்பர். கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கே உப்பாதலின், வெயில் எத்துணைக் கடிதோ அத்துணை நன்று விளைவு. உலகமெல்லாம் மழையை வேண்ட, உப்பளத்தார் மட்டும் வெயிலை வேண்டுகின்றனர். ஆயின், வெண்மையின் கண்கூச்சமும், உவர்நீர் அரித்த கால்களின் புண்ணும் அவர்தம் பங்கு. அருகிலுள்ள கழுவெளி 2021-இற் பறவைகள் காப்பிடமாகவும், 2024-இல் இராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. குளிர்காலத்து வந்த வெளிநாட்டுப் பறவைகள் வேனில் முதிருமுன் பறந்துவிடுகின்றன. உப்பளத் தொழிலாளர்க்குப் பறக்கச் சிறகில்லை.

ஈண்டுச் சிறுபாணாற்றுப்படையின் வேறொரு காட்சி நினைவிற்கு வருகின்றது. நல்லியக்கோடனை அடையுமுன் தன் இல்லம் இருந்த நிலையைப் பாணன் உரைக்கின்றான். சுவர் உளுத்துக் காளான் பூத்த அடுக்களை. பாலற்ற முலையைக் குட்டிகள் பற்றி ஈர்க்க, ஈன்ற நாய் பொறாது குரைக்கின்றது. பசியால் ஒடுங்கிய கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளிவந்து, உப்பின்றி வேகவைத்து, அறியாதார் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். உப்பு விளையும் நாட்டிற்குச் செல்லும் வழியைக் கூறும் பாட்டில் உப்பிற்கும் வழியற்ற ஓர் அடுக்களையைப் புலவர் காட்டுதல் நம் நெஞ்சைச் சுடுகின்றது.

இப்பொழுது நம் முன்னர் மூன்று 'இன்மைகள்' நிற்கின்றன. மகேந்திரவர்மன் செங்கலும் மரமும் இன்றிக் கோயில் செய்தான். அவை வேண்டுமெனின் அவனுக்குக் கிட்டியிருக்கும். சந்திரநந்தி உணவின்றி நோற்றார். அது தாமே மேற்கொண்ட நோன்பு. கிணைமகள் உப்பின்றி உண்டாள். அவளுக்கு வேறு வழியில்லை. முதலிரண்டும் விருப்பத்தால் வந்த எளிமை, மூன்றாவது வறுமை. புறத்தோற்றத்தில் எளிமையும் வறுமையும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கற்றோர்க்குத் தகாது. கூழை ஒருநாள் விரும்பிக் குடித்து அதன் பெருமையைக் கட்டுரையாக எழுதுவது எளிது. அதனையன்றிப் பிறிதில்லாத இல்லத்தில் அக்கூழே வேறு சுவையுடையதாகும். "ஏழையர் எத்துணை எளிய இன்பத்தோடு வாழ்கின்றனர்!" என்று வியப்பார், அவர் அடைத்த கதவின் உட்புறத்தைக் கண்டவரல்லர்.

அங்ஙனமாயின் எளிய இன்பத்தைப் பாராட்டுதல் பொய்யோ எனின், அன்று. அதனை மெய்யாக்கும் உரைகல் ஒன்றுண்டு, அது விருந்து. பரதவரும் எயிற்றியரும் உழவரும் செல்வரல்லர். எனினும், வழிவந்த பாணர்க்குத் தம்மிடம் உள்ளதைக் கொடுத்தனர். நல்லியக்கோடனோ பொற்கலத்தில் உணவிட்டுத் தானே அருகில் நின்று ஊட்டினான். அவர் உணவும் இவன் உணவும் வேறாயினும் திறந்த வாயில் ஒன்றே. நம் திருமறையிலும் இக்காட்சி உண்டு. மம்ரேயின் மரநிழலில், பகல் வெயிலேறிய வேளையிற் கூடார வாயிலில் அமர்ந்திருந்த ஆபிரகாம், வழிநடந்துவந்த மூவரைக் கண்டு எதிர்கொண்டோடி, கால் கழுவ நீரும், விரைந்து சுட்ட அப்பமும், வெண்ணெயும் பாலும், இளங்கன்றின் கறியும் அளித்து, அவர் உண்ணுங்கால் மரத்தடியில் அருகே நின்றான். வேனில், நிழல், விரைந்து ஆக்கிய உணவு, நின்று ஊட்டும் விருந்தோம்பி ஆகிய யாவும் நத்தத்தனார் பாட்டிலும் ஆதியாகமத்திலும் ஒத்திருத்தல் வியத்தகு ஒற்றுமையன்றோ? வெப்பநாட்டு மக்கள் அனைவரும் ஒரே பாடத்தை வெயிலிடமிருந்து கற்றனர் போலும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வேனில் இன்பங்கள் பொருட்பெருக்கை வேண்டுவன அல்ல என்பதும், நிலத்தில் விளைந்த உணவும் சந்தைப் பேச்சும் ஒருநாட் பயணமுமே அவற்றிற்குப் போதும் என்பதும், தனித்து நுகரும்போது அவை குறைவுற்றுப் பகிர்ந்து நுகரும்போது நிறைவுறும் என்பதும் பெறப்பட்டன.

இவ்விடுமுறையில் மாணாக்கராகிய நாம் செய்யத்தக்கன சிலவுள. நம் தாயாரிடமும் பாட்டியாரிடமும் கூழ் கிளறவும் வடகம் இடவும் கற்றுக்கொள்ளலாம். ஆடவர்க்கு இஃது இழுக்கன்று. பதநீரும் நுங்கும் விற்போர்க்கு உரிய விலையை மனமுவந்து கொடுக்கலாம். அயலூர்ப் பாறையையும் ஏரியையும் கோட்டையையும் நூலறிவோடு கண்டு, கண்டதைக் குறித்து வைக்கலாம். ஒவ்வோர் ஊரிலும் நால்வர் கூடினால் ஒரு தண்ணீர்ப்பந்தல் அமைத்தல் அரிதன்று. நான்கு கழி, சில கீற்று, இரண்டு மண்பானை, சிறிது மோர், ஒரு பிடி உப்பு. தாகமுற்ற சிறியவர் ஒருவர்க்கு ஒரு கலம் தண்ணீர் கொடுத்தவன் பலனை இழவான் என்று மொழிந்தவரின் பெயரால் நடைபெறும் கல்லூரியிற் பயில்கின்றோம். வேனிலின் வெம்மையை மாற்றும் ஆற்றல் நமக்கில்லை. அவ்வெம்மையில் வருவோர்க்கு வாயிலைத் திறந்து வைக்கும் ஆற்றல் நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு.